எங்கே கிடைத்தது என்று கேட்காத கடை

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஐந்து ரூபாய் நாணயத்தைப் பற்றியவை. அம்மன் படம் போட்ட ஐந்து ரூபாய் ஒன்று கிடைத்திருக்கிறது, அதற்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாமே, எங்கே போய் விற்பது என்று கேட்பார்கள். செம்பூரில் இருக்கும் என் நாத்தனாரும் கேட்டாள். "ஐந்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கிக்கோ, அதுதான் அதோட விலை" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. இதெல்லாம் மோசடி விளம்பரம் என்று அரசாங்கமே சொல்லியாகிவிட்டது. ஆசைக்குக் காது கேட்பதில்லை.

மீதிப் பாதி, உண்மையாகவே காசு சேர்க்கும் இளைஞர்கள். அவர்களுடைய கேள்வி வேறு மாதிரி. "ஆன்ட்டி, இதை வெச்சிருந்தா தப்பா?" போன மாதம் தாதரில் ஒரு சின்ன ஹாலில் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். சட்டத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நூறு வயதைத் தாண்டிய காசு தொல்பொருள். வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணிலிருந்து எடுத்தது என்றால் அது புதையல், பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் மாறாமல் அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்தான். ஒரு காசு எந்த இடத்தில் கிடைத்தது என்பதைச் சேகரிப்பவன் எழுதி வைப்பது நல்லதா, கெட்டதா என்று ஹிந்தியில் கேட்டான். நான் ஏதோ மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஹாலை ஒரு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், பதில் அதைவிட நீளம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா ரயில்வே ஆபீஸ் கிளார்க். சரித்திரம் படித்தேன், தட்டச்சும் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்ட ஒரே வேலை, கோட்டைப் பகுதியில் பழைய நாணயங்களை ஏலம் விடும் ஒரு கடையில் இருந்தது. ஏலப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. காசின் எடையும் அளவும் எடுக்கவும், தேய்ந்த எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கவும் முதல் சில வருடங்களில் பழகிக்கொண்டேன். போலியைக் கையில் எடுத்த உடனே வரும் சந்தேகத்தை நம்பவும் கற்றேன். அந்த வருடங்களைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் ரமணிக்பாயிடம் கற்றது.

ரமணிக்பாய் கடை முதலாளி, குஜராத்திக்காரர். என்னைப் பத்மாபென் என்று கூப்பிடுவார். கத்தமாட்டார், யாரையும் அவசரப்படுத்தமாட்டார். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் காசைத் தொடுவார், அதையும் விளிம்பில்தான் பிடிப்பார். விற்க வருகிறவர்களிடம் யாருடையது, வேறு யாரிடமாவது காட்டினீர்களா, அவசரமா என்று கேட்பார். எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்க மாட்டார். அதைக் கேட்பது எங்கள் கடையில் வழக்கமில்லை. அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் வழக்கமில்லை.

விற்க வருகிறவருக்கு அது தெரியாதே. "சேட், போன மாசம் எங்க வயல்ல..." என்று ஆரம்பித்துவிடுவார். ரமணிக்பாயின் மேசைக்கு அடியில் ஒரு மணி இருந்தது. உடனே அதை அழுத்தி, "பஹ்லே சாய்! முதல்ல டீ!" என்பார் உரக்க. டீ வரும். டீயோடு மழையைப் பற்றி, லோக்கல் ரயிலைப் பற்றிப் பேச்சு வரும். புத்திசாலியாக இருந்தால் டீ முடிவதற்குள் விற்பவருக்குப் புரிந்துவிடும். புரியாவிட்டால் இன்னொரு டீ. "காது ஒருதரம் கேட்டுட்டா அதைக் கழுவ முடியாது பத்மாபென்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வயல் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அது புதையல். தெரிந்தே வாங்கினால் குற்றம். தெரியாமல் வாங்கினால் வியாபாரம். பட்டியலில் நான் 'ஒரு பழைய சேகரிப்பிலிருந்து' என்று எழுதுவேன். எங்கள் தொழிலில் அதிகம் அச்சான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இதை வாசித்துவிட்டு அவரைத் திருடன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை, கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் வேலை செய்த இரண்டு பேர், மண் ஒட்டிய வெள்ளிக் காசுகளைச் சிமெண்ட் பையில் கட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார்கள். டீக்கெல்லாம் இடமே இல்லை, பையிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. ரமணிக்பாய் தொடவில்லை. கலெக்டர் ஆபீஸில் ஒப்படையுங்கள், உங்களுக்கும் பங்கு வரலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரி சரி என்று போனார்கள். மறுநாள் ஜவேரி பஜாரில் ஒரு பட்டறையில் அவ்வளவையும் உருக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சட்டம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் ஒரு சிலையும் ஒரு காசும் மிஞ்சாது என்பது எனக்கும் தெரியும். சட்டம் இருந்தும் அந்த வெள்ளி மிஞ்சவில்லை என்பதும் தெரியும்.

ஒவ்வொரு ஏலத்துக்கு முன்பும் தொல்லியல் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து காசுகளைப் பார்ப்பார். ரொம்ப காலம் வந்தவரை நாங்கள் ஜோஷி சாகேப் என்போம். நல்ல மனிதர், டீகூடக் குடிக்கமாட்டார். தட்டுகளை வரிசையாகப் பரப்பி வைப்போம். ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நூறு வயதுக்கு மேற்பட்டவற்றின் எதிரே நான் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி விழுந்தது இந்தியாவுக்குள்தான் விலைபோக வேண்டும்.

வருடம் பிறந்தால் அந்த நூறு வயதுக் கோடு ஒரு படி நகரும். போன டிசம்பர் வரை வெறும் காசாக இருந்தது இந்த ஜனவரியில் தொல்பொருள் ஆகிவிடும். செம்பூரில் ஒரு ரிடையர்டு வாத்தியார் இருந்தார். வெளிநாட்டு நண்பர் ஒருவரோடு தபாலில் காசு மாற்றிக்கொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட கால் அணா ஒன்றை அனுப்பப் போகிறேன் என்று என்னிடம் காட்டினார். தேதியைப் பார்த்துவிட்டு, இது இப்போது போகக் கூடாது சார் என்றேன். "போன வருஷமே அனுப்பியிருக்கணும். சோம்பேறித்தனம், வேற என்ன" என்று காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அந்த நண்பரோடு அவர் காசு மாற்றிக்கொள்ளவேயில்லை. எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று யோசித்தே கை ஓய்ந்துவிட்டது.

இனி செல்லத்துரை. அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இவர்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு அவர் எங்கள் கடைக்கு வந்தார். தாராவியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். வீடு மாட்டுங்கா லேபர் கேம்பில். ஐம்பதைத் தாண்டிய வயது, உள்ளங்கை ரேகைகளில் போகாத ஆயில் கறை. ஸ்குரூ, வாஷர் போட்டு வைக்கும் அறை அறையான பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திறந்தார். ஒவ்வோர் அறையிலும் சின்னச் சின்னக் காகித உறைகள். ஒவ்வோர் உறையிலும் நகத்தளவு செப்புக் காசு. உறைமேல் பேனாவால் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வருடா வருடம் சர்ச்சில் அசனம் என்ற ஊர் விருந்து நடக்கும்போது ஊருக்குப் போவார். தாமிரபரணி மணலைச் சலித்துப் பொடித் தங்கம் தேடுகிற குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள் சல்லடையில் பழைய செப்புக் காசும் மாட்டும். அதை அவர்கள் பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவார்கள். இவர் இளவயதில் ஒரு நாள் ஆற்றில் குளிக்கப் போனபோது அதைப் பார்த்து, எடைக்குப் போடாதே, எனக்குக் கொடு என்று வாங்க ஆரம்பித்தவர். அதன்பிறகு நிறுத்தவில்லை.

ரமணிக்பாய் ஒரு காசை எடுத்துப் பார்த்தார். சதுரம், ஒரு பக்கம் மீன், மறுபக்கம் தேய்ந்த ஏதோ ஒரு மிருகம். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"இது பாருங்க சேட், சீவலப்பேரிக்குக் கீழ..." என்று ஹிந்தியில் ஆரம்பித்தார் செல்லத்துரை.

"பஹ்லே சாய்!"

டீ வந்தது. செல்லத்துரை மரியாதையாகக் குடித்தார். கிளாசைக் கீழே வைத்ததும், "இது வண்ணாரப்பேட்டப் பக்கம்..." என்றார். இரண்டாவது டீ. அதையும் குடித்தார். சேட் நல்ல மனுஷன் என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தார். மூன்றாவது டீ வந்தபோது ரமணிக்பாய் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் செல்லத்துரையை வெளியே மாடிப்படிக்கு அழைத்துப்போனேன்.

"அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்கே கிடைச்சதுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன்க்கா? நான் என்ன களவாண்டா கொண்டாந்தேன்?"

களவு இல்லை, மண்ணிலிருந்து வந்ததுதான் சிக்கல் என்று விளக்கினேன். ஆற்று மணலில் கிடந்தது புதையலா இல்லையா என்று வக்கீல்கள் வேண்டுமானால் வாதாடலாம், ஆனால் அந்த வாதத்துக்கு நடுவில் நிற்கப்போவது நீங்கள் என்றேன். உறைகளை எடுத்துவிட்டுக் காசை மட்டும் கொடுத்தால் சேட் ஏலத்தில் வைப்பார். உறையோடு என்றால் தொடக்கூட மாட்டார்.

"எடத்த எடுத்துட்டா அது வெறும் செம்புல்லாக்கா. பேரீச்சம்பழத்துக்குப் போடுத செம்பு" என்றார். உள்ளே வந்து பெட்டிகளை மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ரமணிக்பாய்க்கு அந்தக் காசுகளை விட மனமில்லை. எனக்கும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலிருந்து லேபர் கேம்ப் நடக்கிற தூரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணிப் போனேன்.

ஒரே அறை, மேலே பரண். செல்லத்துரையின் மனைவி எஸ்தர் கருப்பட்டிக் காபி கொடுத்தாள். விஷயத்தை அவள்தான் உடைத்துச் சொன்னாள். பட்டறை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். முதலாளி பிவண்டிக்குப் போகிறார். பழைய லேத் ஒன்றைச் செல்லத்துரைக்கு மலிவாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சுனாபட்டியில் ஒரு ஷெட்டும் பார்த்தாகிவிட்டது. டெபாசிட் கட்ட வழியில்லை. விட்டால் ஏதாவது டவரில் வாட்ச்மேன் வேலைதான்.

"முப்பது வருசமா லேத்துல நின்ன மனுசன் கேட்டுல நின்னு சலாம் வைக்கவாக்கா?" என்றாள். "இவியளுக்கு காசு கெடச்ச எடம் முக்கியம். நாளைக்கு நாங்க எந்த எடத்துல இருப்போம்னு கேளுங்க, அதுக்குப் பதில் இல்ல."

செல்லத்துரை பெட்டியைத் திறந்து ஒரு தனி அறையிலிருந்து சில செப்புத் துண்டுகளை என் கையில் கொட்டினார். மீனும் இல்லை, மிருகமும் இல்லை, ஒன்றுமே பதியாத சதுரத் துண்டுகள். அன்று கடையில் ரமணிக்பாய் இவற்றை மட்டும் கச்ரா, குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

"முத்திர விழாத காசுக்கா இது. பிசிறு ஒரு பக்கந்தான் இருக்கு, பாத்தியளா? உளி வச்சு ஒரே வெட்டா வெட்டியிருக்கான். நாங்க தகடு வெட்டுனாலும் இப்பிடித்தான் பிசிறு விழும். இந்த வெறுந்துண்டும் மீன் காசும் சேந்து கெடைக்கது ஒரே ஒரு எடத்துலதான். ஆறு வளையுதுல்லா, அந்த மேட்டுல. அங்க ஒரு காசடிக்கிற பட்டற இருந்திருக்கணும். வேற எதுக்கு வெட்டின துண்டு அங்க வந்து கெடக்கு?"

அவர் சொன்னது சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். வெள்ளம் எதையும் எங்கேயும் கொண்டுபோய்ப் போடும். ஆனால் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வளைவின் பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இன்னொரு வழி இருப்பதையும் அவரிடம் சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாம். இடங்களும் பதிவாகும், மியூசியத்தில் வைக்கலாம். பணம் வருமா, எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. விசாரணை இருக்கும்.

"யாரு எடுத்துக் குடுத்தான்னு கேப்பாவளா?"

"கேட்பாங்க."

"அப்ப வேண்டாம்." யோசிக்காமல் சொன்னார். "சல்லட போடுதவன் அன்னாடங்காய்ச்சி. போலீசு போச்சுன்னா சல்லடையும் போயிரும், அவன் பொழப்பும் போயிரும். எனக்கு நம்பிக் குடுத்தவன். நான் பேரு வாங்க அவன மாட்டி விடவா?"

பக்கத்து வீட்டு டிவியில் மராட்டி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. செல்லத்துரை எழுந்து சமையல் மேடையிலிருந்து ஓர் எவர்சில்வர் பேசினை எடுத்துவந்தார். தரையில் உட்கார்ந்து முதல் உறையை எடுத்தார். "குறுக்குத்துறை" என்று வாய்விட்டுப் படித்தார். காசைப் பேசினில் போட்டார். உறையை இரண்டாகக் கிழித்துப் பக்கத்தில் வைத்தார். அடுத்தது. "முறப்பநாடு." அடுத்தது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கிழித்தார். நடுவில் எஸ்தர், நான் கிழிக்கட்டுமா என்று மெல்லக் கேட்டாள். வேண்டாம் என்றார். வெளியே வெயில் சாயும்வரை அது நடந்தது. நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பத் தோன்றவில்லை.

"எல்லாம் மனசுல கெடக்கும்லா. அத யாரு கிழிக்க முடியும்?" என்றார் கடைசியில். வெறுந்துண்டுகளை மட்டும் ஒரு பழைய கைக்குட்டையில் முடிந்து தனியே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கடையில் என் வேலை. செப்புக் காசுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்தேன். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கலங்கும், நாள் போகப் போகத் தெளியும். ஊறிய பிறகு மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, உருவத்தின் இடுக்கில் இருக்கும் மணலை ஒவ்வொரு பருக்கையாகத் தள்ள வேண்டும். உலோகம் கூடாது, கீறல் விழும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், விலை போய்விடும். வாஷ் பேசினில் கொஞ்சம் மணல் தேங்கியிருந்தது. குழாயைத் திறந்து அதையும் ஓடவிட்டேன். தாமிரபரணி மணல் கோட்டைச் சாக்கடையில் போயிற்று. இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். நன்றாகச் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஜோஷி சாகேப் ஏலத்துக்கு முன்னால் வந்தார். மீன் காசுத் தட்டின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். எல்லாக் காசிலும் ஒரே மாதிரியான பச்சைக் களிம்பு. ஒரே மண்ணில் கிடந்தவைதான் அப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"எல்லாம் ஒரே வீட்டுச் சொத்தா?" என்றார் ரமணிக்பாயைப் பார்த்து.

"பழைய சேகரிப்பு சாகேப்."

ஜோஷி சாகேப் பூதக்கண்ணாடியைத் துணியில் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் பென்சிலைப் பார்த்தேன். சட்டப்படி அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை, ஒரு மண் துகளும் இல்லை. அடுத்த தட்டுக்குப் போனார். மீன் காசுகள் எல்லாவற்றின் எதிரேயும் நான் புள்ளி வைத்தேன்.

காசுகள் நன்றாக விலைபோயின. ஒரே ஆள் வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெங்களூருக்குக் கொஞ்சம், கொல்கத்தாவுக்குக் கொஞ்சம் என்று பிரிந்து போய்விட்டன. செல்லத்துரைக்கு லேத் வந்தது. சுனாபட்டி ஷெட்டில் ஜெபம் பண்ணித் திறந்தார்கள், எனக்கும் கேக் கொடுத்தார்கள். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு செல்லத்துரை ஊருக்குப் போனாலும் ஆற்றுப் பக்கம் போவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெற்றேன். ரமணிக்பாய் காலமானார். அவர் மகன் இப்போது ஏலத்தை இணையத்தில் நடத்துகிறான், அங்கே டீக்கு வேலை இல்லை. விற்பவர் நிரப்பும் பக்கத்தில் 'பழைய சேகரிப்பு' என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கிறது.

தாதர் கூட்டம் முடிந்த மறுவாரம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியை என்னைத் தேடி வந்தார். கல்லூரியில் தொல்லியல் நடத்துகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் பழைய ஏலப் பட்டியலின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் காட்டினார். மீன் காசுகள். இந்த வகை இவ்வளவு எண்ணிக்கையில் வேறு எங்கும் வந்ததில்லையாம். இதை வைத்துத்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாராம். எந்த இடத்திலிருந்து வந்தது என்பது தெரிந்தால் போதும் என்றார்.

பழக்கம் விடுமா? எனக்குத் தெரியாது, சேகரித்தவரை வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. செல்லத்துரைக்குப் போன் செய்தேன். "கூட்டிட்டு வாங்கக்கா" என்றார்.

சுனாபட்டி ஷெட்டில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டு, கழிவு நூலில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். பேராசிரியை மிகவும் பணிவாகப் பேசினார்.

"ஐயா, உங்க பேரை எழுத மாட்டேன். யாரு கொடுத்தாங்கன்னும் கேட்க மாட்டேன். எந்த ஊர்ப் பக்கம்னு சொன்னா மட்டும் போதும். இன்னொண்ணு. இந்தக் காசுகளோட சேர்ந்து முத்திரை குத்தாத வெறும் செப்புத் துண்டு ஏதாவது கிடைச்சுதுங்களா? இருந்தா அங்கே ஒரு அக்கசாலை இருந்திருக்கும்னு சொல்லலாம். அதைத்தான் நான் தேடிட்டிருக்கேன்."

அக்கசாலை என்றால் காசடிக்கும் இடம். செல்லத்துரை தன் சமையல் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்ன அதே விஷயத்தை, அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் படித்துப் படித்து எட்டியிருக்கிறாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் தூரம்தான். நான் செல்லத்துரை முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கணம் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், கற்பனை இல்லை. வாயைத் திறந்தார்.

பிறகு கைபேசியை வாங்கிப் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்க தாத்தா பெட்டியில கெடந்ததும்மா" என்றார். "தாத்தா சிலோன்ல இருந்தாவ. கப்பல்ல திரும்பி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டாந்தாவ. அதுக்குள்ளதான் இருந்துச்சு. வெறுந்துண்டெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாம் மீன் போட்டதுதான்."

தங்குதடையில்லாமல் சொன்னார். எத்தனை தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருப்பார் என்று தெரியவில்லை.

"சிலோனா?" பேராசிரியையின் கண்கள் விரிந்தன. "இலங்கையிலே எந்தப் பக்கம்ங்க ஐயா?"

"யாழ்ப்பாணம்னு சொல்லுவாவ. சரியா நெனவில்ல."

பேராசிரியை வேக வேகமாகக் குறித்துக்கொண்டார். இது கட்டுரையையே மாற்றிவிடும், கடல் கடந்த தொடர்பு என்று புதிதாக ஒரு பகுதி எழுத வேண்டும் என்றார். செல்லத்துரைக்கு எத்தனை தடவை நன்றி சொன்னார் என்று சொல்ல முடியாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோ பிடித்துப் போனார். ஆட்டோவிலிருந்து திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

கைக்குட்டையில் முடிந்த துண்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று நான் செல்லத்துரையிடம் கேட்கவில்லை. ஷெட் வாசலில் நின்று ஆட்டோ போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாச் சொன்னனாக்கா?" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க அண்ணாச்சி."

"அந்தப் பிள்ள எழுதிருவால்லா?"

"எழுதிடுவாங்க. புத்தகத்திலேயும் வந்துடும்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப இனிமே அது சிலோன் காசுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.